குளம்பில் கல்

துரையின் பெகு மட்டத்துக்கு
முன்வலது குளம்பு அழுகியது, ஐப்பசி மழையில்.
தூக்கிப் பிடித்தால் ஆளைத் தள்ளும் நாற்றம்.
நடுச்சதை கருத்துக் கசிந்து
விரல் வைத்தால் விரலோடு வந்தது.

மதுரைக்குத் தந்தி போனது.
மிருக வைத்தியர் வெக்கை விழுந்த மாடுகளோடு இருக்கிறார்,
வர இருபது நாள் ஆகும் என்று பதில்.

நான் குதிரைக்காரன் சீனிப்பக்கீர்.
வயிறு உப்பினால் ஓமம், சுக்கு, நெல்லிக்காயளவு பெருங்காயம்
கருப்பட்டித் தண்ணீரில் கரைத்து
மூங்கில் கொட்டத்தால் புகட்டுவேன்.
படுக்க விடாமல் விடியும்வரை நடத்துவேன்.
அவ்வளவுதான். குளம்பு எனக்குத் தெரியாது.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே
மிளகாய்க் கொல்லை வைத்திருந்த ராக்குவுக்குத் தெரியும்.
"மாட்டுக்குப் பிளவு இருக்கு, சீழ் வெளியேற வழி இருக்கு.
இது மூடின சட்டி" என்றாள்.
அவள் புருஷனைப் போன ஆடியில்
இதே துரைதான் பத்து நாள் உள்ளே வைத்தார்.
சதுப்பில் பூத்த உப்பைச் சுரண்டிய குற்றம்.
முக்கால் படி.

மருந்து சொன்னாள்:
கை பொறுக்கும் சூட்டில் உப்புத்தண்ணீர், மூன்று வேளை.
பிறகு பூவரசம்பட்டை கருக்கிய சாம்பலும் வேப்பெண்ணெயும்
சணலில் தோய்த்து அடைப்பு.
"உப்பு படிபடியா வேணும்."

துரையின் கண்ணெதிரே
ஆயிரம் மணங்கு சர்க்கார் உப்பு
குவியல் குவியலாய், மரமுத்திரை குத்தி நின்றது.
முத்திரை கலைந்தால்
அவரே அவருக்குச் சம்மன் அனுப்ப வேண்டும்.
வரி கட்ட மனு எழுதினார், அவரே தள்ளினார்.
'குதிரைக் கால் கழுவ' என்பதற்கு
அச்சடித்த படிவத்தில் இடமில்லை.
காசு கொடுத்துக் கடையில் வாங்கினோம்.
இரண்டு நாளில் ஊர்க்கடை உப்பு தீர்ந்தது.
சப்பென்ற கஞ்சியைக் குடித்துவிட்டுச் சனம்
குதிரையைச் சபித்தது.

மூன்றாம் நாள் ராக்கு பானையோடு வந்தாள்.
சேற்று வாடை அடிக்கிற கலங்கல் தண்ணீர்.
"என்ன இது?"
"மருந்துங்க."
துரை ஒரு விரலை முக்கினார்.
வாயருகே கொண்டுபோனார்.
மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வந்த கையோடு ரோவரையும் பார்த்தாள்.
அதன் சொறிக்குக் கந்தகத்தைப் புங்கெண்ணெயில் குழைத்துப் பூசினாள்.
காதுக்குள்ளிருந்து பதினேழு உண்ணி,
எண்ணி எண்ணிக் கங்கில் போட்டாள், வெடித்தன.
கார்த்திகை கழிவதற்குள்
மட்டம் நான்கு காலும் ஊன்றியது.

தையில் ஒரு விடியற்காலை சோதனை.
ராக்குவின் படலைத் திறந்து நான்கு சேவகர்கள் நுழைந்தார்கள்.
அடுப்புச் சாம்பல், விதைமிளகாய் மூட்டை, கேழ்வரகுக் குதிர்.
ஒன்றும் சிக்கவில்லை.

கொல்லை மூலையில், கத்தரி நாற்றுக்கு நடுவே
துரையைச் சுமந்தபடி குதிரை நின்றது.
தலை தாழ்த்தி மண்ணை நக்கியது.
ஆறிய அந்தக் காலாலேயே ஒரு தடவை பறித்தது.
இன்னொரு தடவை.
மண்ணுக்குள் ஓடு உரசுகிற சத்தம்.

ராக்கு குதிரையைப் பார்த்தாள்,
பல் முளைத்து மார்பைக் கடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

நான் பாய்ந்து அந்தக் காலைத் தூக்கினேன்.
"குளம்பில் கல், துரை."
குளம்பு சிரட்டைபோல் கெட்டியாக, சுத்தமாக இருந்தது.
இல்லாத கல்லைக் கத்திமுனையால் நெடுநேரம் நோண்டினேன்.
அதற்குள் ரோவர் ஓடிவந்து
பறித்த இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி
வயிறு குளிரப் படுத்துக்கொண்டது.
சேவகன் அதட்டினான். எழவில்லை.

சேணத்தில் துரை அசையவில்லை.
"கல் வந்ததா?"
"வந்தது, துரை. பெரிசு."
"கொடு."

மூடிய கையை நீட்டினேன்.
உள்ளங்கையை விரித்து வாங்கி, மூடி,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் குதிரை
உதட்டை நக்கிக்கொண்டே வந்தது.